கோழிக்குஞ்சும் கொழுப்பும்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்பது சமையலறையில் யாவரும் அறிந்த உண்மை. ஒரு கிண்ணத்து நீரிற் சில துளி நல்லெண்ணெயை விட்டுக் கலக்கினால், கலக்கும் வரையிற் சிதறி நின்ற துளிகள் கை ஓய்ந்ததும் ஒன்றுகூடி மேலே மிதக்கக் காண்கிறோம். ஆயினும், தேங்காய்ப்பாலில் எண்ணெயும் நீரும் கூடியே இருக்கின்றன. பசுவின் பாலிலும், கோழிமுட்டையின் மஞ்சட் கருவிலும் அவ்வாறே. இவற்றில் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து நின்று, ஒரு புறத்தால் எண்ணெயையும் மறு புறத்தால் நீரையும் பற்றிக்கொள்ளும் சில பொருள்கள் உள்ளன. இவற்றைக் குழம்பாக்கிகள் என்று அறிவியல் நூலார் அழைப்பர்.

இறைச்சிக்காக வளர்க்கப்படும் புறொயிலர் கோழிகளின் தீனியில் இக்குழம்பாக்கிகளைச் சேர்க்கும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. கோழிக்கு ஈரல் உண்டு, பித்தநீர் உண்டு, கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியமும் உண்டு. இத்தனையும் படைத்த ஒரு பறவைக்கு, கொழுப்பை நீரோடு இணக்கும் பொருளைப் புறத்தேயிருந்து ஊட்ட வேண்டிய நிலை எவ்வாறு உண்டாயிற்று? இந்த வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், வேதியியல், உடற்றொழிலியல், வாணிகம் என்னும் மூன்றின் வரலாறுகளும் ஒன்றையொன்று சந்தித்த இடங்களை நாம் பார்த்தல் வேண்டும்.

கதை முட்டையிலேயே தொடங்குகிறது. பாரிசு நகரில் தியடோர் கொப்லே என்னும் மருந்தாளர் ஒருவர் இருந்தார். 1845ஆம் ஆண்டு முதலாக இவர் கோழிமுட்டையின் மஞ்சட் கருவைப் பகுத்து ஆராய்ந்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த பொசுபரசு கலந்த கொழுப்புப் பொருளுக்கு 1850இல் 'இலெசிதின்' எனப் பெயரிட்டார். மஞ்சட் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. அதே பொருள் மீன் சினையிலும் மூளையிலும் இருப்பதை அவரே பின்னர் கண்டார். பிற்காலத்தில் தீனிக் கலவைக்குள் முதன்மையான குழம்பாக்கியாகப் புகுந்தது இந்த இலெசிதினே. கோழியிடமிருந்து மனிதன் அறிந்துகொண்ட பொருள், நூறாண்டு கழித்துக் கோழிக்கே தீனியாகத் திரும்பி வந்தது எனலாம்.

மஞ்சட் கருவில் இலெசிதின் இருப்பது வீணாக அன்று. முட்டையினுள்ளே வளரும் கரு தன் சக்தியிற் பெரும் பங்கைக் கொழுப்பிலிருந்தே பெறுகிறது. அக்கொழுப்பு, மிக நுண்ணிய துகள்களாகக் குழம்பாக்கப்பட்ட நிலையிலேயே அதற்குக் கிடைக்கிறது. குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருமுன் எஞ்சிய மஞ்சட் கரு அதன் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. வெளிவந்த முதற் சில நாள்களுக்கு அதுவே குஞ்சின் கட்டுச்சோறு. அது தீரும் முன்பே தானியத் தீனியைச் சமிக்கக் குடல் பழகிக்கொள்ள வேண்டும். இயற்கை வகுத்த இந்தச் சிறிய இடைவேளையை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்வரும் வரலாறெல்லாம் அதனைச் சுற்றியே நிகழ்கிறது.

கொப்லே முட்டையை ஆராய்ந்த அதே காலத்திற் பாரிசில் வாழ்ந்த மற்றோர் அறிஞர் குளோட் பேர்னார். கொழுப்பு உடலில் எவ்வாறு சமிக்கிறது என்பதை அவர் ஆராய்ந்தார். முயலின் உடலமைப்பில் ஒரு வசதி உண்டு. அதன் பித்தக்குழாய் சிறுகுடலின் தொடக்கத்திற் சேர, சதையியின் குழாயோ அதற்கு நெடுந்தூரம் கீழே சேருகிறது. கொழுப்பு உண்ட முயலின் குடலைத் திறந்து நோக்கிய பேர்னார், கொழுப்பை ஏற்றுச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் சதையிநீர் சேரும் இடத்துக்குக் கீழேதான் பால்போல வெளுத்திருக்கக் கண்டார். எனவே, கொழுப்பைச் சமிக்கச் செய்வது சதையிநீரே என்று முடிவு கட்டினார். இது 1840களின் இறுதியில் நிகழ்ந்தது.

இம்முடிவு பாதி உண்மையே. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அல்பேட் தாஸ்தர் என்னும் பிரெஞ்சு அறிஞர் நாயின் உடலில் இதற்கு நேர்மாறான அமைப்பை உண்டாக்கினார். சத்திரசிகிச்சை மூலம், பித்தநீரைச் சதையிநீர் சேரும் இடத்துக்குக் கீழே விழச் செய்தார். அப்போது பித்தநீர் சேர்ந்த இடத்துக்குக் கீழேதான் குழாய்கள் வெளுத்தன. சதையிநீர் மட்டும் போதாது. பித்தநீர் மட்டும் போதாது. இரண்டும் கூடிய பின்னரே கொழுப்பு உடலுட் புகும் என்பது இவ்விரு சோதனைகளாலும் தெளிவாயிற்று.

இதன் உட்பொருள் பின்னரே விளங்கியது. பித்த உப்புகள் கொழுப்புத் துளிகளைச் சிறு துளிகளாக நிறுத்துகின்றன. சதையியின் இலிப்பேசு என்னும் நொதியம் அத்துளிகளின் மேற்பரப்பிலே தொழிற்பட்டு, கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களை விடுவிக்கிறது. விடுபட்ட கொழுப்பமிலங்களும் நீரிற் கரையாதவையே. அவற்றைப் பித்த உப்புகள் சூழ்ந்து, கண்ணுக்குத் தோன்றாத நுண்திரள்களாக்கிக் குடற்சுவரிடம் கொண்டு சேர்க்கின்றன. இந்நுண்திரள்கள் மனிதக் குடலில் உண்மையாகவே உண்டாகின்றன என்பதை அலன் ஹொப்மன், பெங்ற் போர்க்ஸ்றொம் என்னும் இருவரும் 1960களின் தொடக்கத்தில் நிறுவினர். ஆகவே, குழம்பாக்கம் இருமுறை தேவைப்படுகிறது: கொழுப்பு உடைபடுவதற்கு முன்னர் ஒருமுறை, உடைபட்ட பின்னர் மற்றொரு முறை.

இதற்கிடையிற் கோழிக்குஞ்சு ஆராய்ச்சிக்கூடத்தினுட் புகுந்துவிட்டது. டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் ஹென்றிக் டாம் என்னும் அறிஞர், 1929ஆம் ஆண்டளவிற் கொழுப்பு நீக்கிய தீனியைக் குஞ்சுகளுக்கு ஊட்டி ஆராய்ந்தார். சில வாரங்களில் அக்குஞ்சுகளின் தோலின் கீழும் தசையிலும் இரத்தம் கசிந்தது. வெளியே எடுத்த இரத்தமும் உறையத் தாமதித்தது. கொழுப்போடு நீங்கிப்போன ஏதோ ஒன்று இரத்தம் உறைவதற்கு இன்றியமையாதது என்று உணர்ந்த டாம், 1935இல் அதற்கு விற்றமின் கே எனப் பெயரிட்டார். 1943ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபெல் பரிசு அவருக்கும் அமெரிக்கரான எட்வேட் டொய்சிக்கும் இதற்காகவே கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பு மருத்துவருக்கும் உதவிற்று. பித்தக்குழாய் அடைபட்டுக் காமாலையுற்றோர் சத்திரசிகிச்சையின்போது இரத்தப் பெருக்கால் இறப்பது அக்காலத்திற் பெருங் கவலையாக இருந்தது. 1938இல் ஐக்கிய அமெரிக்க மருத்துவர்கள் அத்தகையோருக்கு விற்றமின் கே சத்தைப் பித்தத்தோடு சேர்த்து ஊட்டி, இரத்தம் உறையும் ஆற்றலை மீட்டனர். கொழுப்பு சரிவரச் சமிக்காதவிடத்துக் கொழுப்பிற் கரையும் ஏ, டி, ஈ, கே ஆகிய விற்றமின்களும் உடலுக்குக் கிட்டாமற் போகலாம். கோழியின் தீனியிற் கொழுப்புச் சமிபாடு பற்றிப் பேசும்போது எடையை மட்டும் எண்ணி, உடல்நலத்தை மறந்துவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி வாணிகத்தின் பக்கம் வருவோம். 1923ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தெலவெயர் மாநிலத்தில் ஓஷன்வியூ என்னும் ஊரில் வாழ்ந்த செசீல் ஸ்டீல் என்னும் பெண்மணி, முட்டைக் கோழிகளுக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். பொரிப்பகத்தாரின் தவறால் 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பாது வளர்த்து, ஏறக்குறைய 2 றாத்தல் நிறை வந்ததும் இறைச்சிக்காக விற்றார். றாத்தல் ஒன்றுக்கு 62 சதம் கிடைத்தது. முட்டையிடுங் கோழி முதிர்ந்த பின்னரே கறிக்கு ஆகும் என்றிருந்த காலத்தில், இறைச்சிக்கென்றே குஞ்சு வளர்க்கும் தொழில் அந்நாட்டிற் பெருந்தொழிலாக விரிவதற்கு இந்நிகழ்ச்சி ஒரு தொடக்கமாயிற்று.

எனினும், அக்காலத்துக் கோழி மெதுவாகவே வளர்ந்தது. 1925ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இரண்டரை றாத்தற் கோழி ஒன்றை வளர்த்தெடுக்க 112 நாள் சென்றது. ஒரு றாத்தல் நிறை கூடுவதற்கு நாலரை றாத்தலுக்கு மேற்பட்ட தீனி செலவாயிற்று. இதை மாற்ற இரண்டு வழிகள் கைக்கொள்ளப்பட்டன: ஒன்று இனத்தை மாற்றுவது, மற்றொன்று தீனியை மாற்றுவது.

இனத்தை மாற்றியதற்குச் சிறந்த சான்று, அந்நாட்டிற் 'நாளைய கோழி' என்னும் பெயரால் நடைபெற்ற போட்டி. பெரிய சில்லறை வாணிக நிறுவனம் ஒன்றும் அரசின் கமத்தொழிற்றுறையும் சேர்ந்து நடத்திய இப்போட்டியின் இறுதிச்சுற்று 1948இல் தெலவெயரில் நடைபெற்றது. கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்ள்ஸ் வான்ட்றெஸ் என்பவரின் கலப்பினக் கோழி முதலிடம் பெற்றது. அகன்ற மார்பும் விரைந்த வளர்ச்சியும் உடைய பறவையே எல்லோரும் விரும்பும் பறவையாயிற்று. அன்று தொடங்கிய தெரிவு இன்றுவரை ஓயவில்லை.

அதன் விளைவை அளந்து காட்டிய ஆராய்ச்சி ஒன்று 2014இல் வெளியாயிற்று. கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளுக்குரிய மூன்று கோழி வழிகளை ஒரே தீனியில் ஒரே சூழலில் வளர்த்தனர். 56 நாள் நிறைந்தபோது முதலாவது வழி 905 கிறாமும், இரண்டாவது 1,808 கிறாமும், மூன்றாவது 4,202 கிறாமும் நிறை காட்டின. தீனி ஒன்றேயாதலால், இந்த நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு முழுவதும் இனத்தின் விளைவே.

தீனியை மாற்றிய கதை 1947இல் கனெற்றிக்கட் பல்கலைக்கழகத்தில் திருப்பம் பெற்றது. நார் மிகுந்த தவிடு, ஓட்ஸ் முதலியவற்றைக் குறைத்து, சோளத்தைப் பெருக்கிய 'உயர்சக்தித் தீனி' ஒன்றை அங்குள்ளோர் வகுத்தனர். குறைந்த தீனியில் விரைந்த வளர்ச்சி கிடைத்தது. சக்தியை இன்னும் செறிவாக்க விரும்பியோர் கண் கொழுப்பின்மீது விழுந்தது. மாப்பொருள் கிறாம் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோகலோரி தர, கொழுப்போ 9 தருகிறதன்றோ?

அவ்வேளையிற் கொழுப்பு மலிந்தும் கிடைத்தது. இதற்குக் காரணம் கோழிப்பண்ணையிலன்றிச் சலவைத் தொட்டியில் இருந்தது. மாட்டுக் கொழுப்பிற் பெரும் பகுதி அதுவரையிற் சவர்க்காரம் செய்யப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கைச் சலவைத்தூள்கள் சவர்க்காரத்தின் இடத்தைப் பிடிக்கவே, ஐக்கிய அமெரிக்காவில் மாட்டுக் கொழுப்பு வாங்குவாரின்றித் தேங்கி விலை வீழ்ந்தது. தேங்கிய கொழுப்புக்குப் புதிய வழி தேடியோர் அதனைக் கால்நடைத் தீனியிற் சேர்க்க முற்பட்டனர். 1950களிற் புறொயிலர் தீனியிற் கொழுப்புச் சேர்ப்பது வழமையாயிற்று. சலவைத்தூளின் மூலப்பொருள்களும் ஒருவகைக் குழம்பாக்கிகளே. அவற்றையே குஞ்சுகளுக்குச் சிறிதளவு ஊட்டினால் வளர்ச்சி கூடும் என்று 1951இல் ஓர் அறிக்கையும் வெளிவந்தது. ஆனால், வேறிடங்களிற் செய்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. குழம்பாக்கி என்ற பெயர் ஒன்றே போதாது, எப்பொருள் என்பதே முதன்மை என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

தீனியிற் புகுந்த கொழுப்பு எல்லாம் உடலிற் புகுந்ததா? இல்லை. 1960ஆம் ஆண்டில் இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சிகள் இதனை விளக்கின. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் றெனர், ஹில் என்போர் சோள எண்ணெய், பன்றிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு ஆகியவற்றை வெவ்வேறு வயதுக் கோழிகளுக்கு ஊட்டினர். சோள எண்ணெயை இளங்குஞ்சும் நன்கு பயன்படுத்தியது. மாட்டுக் கொழுப்பையோ இளங்குஞ்சு பெரிதும் கழித்துவிட, வயது கூடக் கூடவே பயன்பாடும் கூடிற்று. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பெடி என்பவரும் உடனாய்வாளரும், இளங்குஞ்சுகளுக்கு மாட்டுக் கொழுப்போடு மாட்டுப் பித்தத்தையும் சேர்த்து ஊட்டிப் பார்த்தனர். கொழுப்பு முன்னிலும் அதிகமாக உடலிற் சேர்ந்தது.

குறை எங்கே என்பது இப்போது வெளிப்பட்டது. இளங்குஞ்சின் குடலிற் கொழுப்பைப் பெறும் ஆற்றல் இல்லாமலில்லை. பித்த உப்பின் சுரப்பே தேவைக்குப் போதாதிருந்தது. மஞ்சட் கருவின் கொழுப்புக்கு அது போதும். உருகுநிலை உயர்ந்த, நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் மிகுந்த மாட்டுக் கொழுப்புக்கு அது போதவில்லை. ஏறக்குறைய 42 கிறாம் நிறையுடன் பொரிக்கும் இக்காலப் புறொயிலர் குஞ்சு, ஏழு நாளில் அதன் நான்கு மடங்காகிறது. பித்தமும் இலிப்பேசும் மெல்லப் பெருகிவரும் நாள்களிலேயே உடல் இவ்வாறு ஓடுகிறது. மனிதன் தெரிந்தெடுத்து விரைவாக்கிய வளர்ச்சிக்கும், குஞ்சின் குடல் முதிரும் காலத்துக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை நிரப்பவே குழம்பாக்கி வந்தது.

மாட்டுப் பித்தம் விலை மிகுந்தது, பண்ணைக்கு ஏற்றதன்று. ஆகவே, கொப்லேயின் இலெசிதினை நாடினர். அது இப்போது முட்டையிலிருந்து அன்றி, சோயா அவரையிலிருந்து கிடைத்தது. 1920களிலேயே ஜேர்மனியின் ஹம்பேர்க்கிற் சோயா எண்ணெயைத் தூய்மை செய்கையிற் படியும் பசையிலிருந்து இலெசிதின் பிரிக்கும் முறை வகுக்கப்பட்டு, அது மலிவான பொருளாகிவிட்டிருந்தது. 1980இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொலின் என்பார், இலெசிதினாலும் பித்த அமிலங்களாலும் இளங்குஞ்சுகளில் மாட்டுக் கொழுப்பின் உறிஞ்சல் கூடுவதை எடுத்துக்காட்டினார்.

பின்னர் இலெசிதினையும் திருத்தினர். அதன் மூலக்கூறில் இரண்டு கொழுப்பமில வால்கள் உண்டு. நொதியத்தால் ஒரு வாலை வெட்டிவிட்டால் எஞ்சுவது இலைசோலெசிதின். வால் குறைந்தமையால் அது நீரோடு மேலும் இணங்கும். நுண்திரள்களை எளிதில் ஆக்கும். குடலிலும் இலெசிதின் இவ்வாறே மாறுவதால், இது குஞ்சின் உடலுக்குப் புதிய பொருளன்று. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலத்திலிருந்து செய்யப்படும் வேறொரு குழம்பாக்கியும் வழக்கில் உண்டு. 2010இல் மேற்கு வங்காள ஆய்வாளர்கள் பாம் எண்ணெய் சேர்த்த தீனியில் இதனைக் கலந்து, குஞ்சுகளின் வளர்ச்சியும் தீனிப் பயனும் மேம்பட்டதாக அறிவித்தனர்.

குழம்பாக்கிகளின் மீது அக்கறை கூடியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1950 முதலாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சிற்றளவிற் கோழித் தீனியிற் சேர்த்து வளர்ச்சியை ஊக்குவித்து வந்தனர். அது எவ்வாறு ஊக்குவிக்கிறது என்பது நெடுங்காலம் புதிராயிருந்தது. 1987இல் பைக்னர், டஷ்கெவிக்ஸ் என்போர் அப்புதிரின் ஒரு முடிச்சை அவிழ்த்தனர். குடலில் வாழும் சில பற்றீரியாக்கள் பித்த உப்பைச் சிதைத்து விடுகின்றன. சிதைந்த பித்த உப்பு கொழுப்பை ஏந்தும் வலிமை குன்றியது. வளர்ச்சியை ஊக்கும் மருந்துகள் இச்சிதைவைக் குறைத்தன. அஃதாவது, அம்மருந்துகளின் பயனில் ஒரு பங்கு, இளங்குஞ்சின் அரிய பித்தத்தைக் காத்தமையே ஆகலாம்.

ஆனால், அம்மருந்துகளுக்கு மனிதன் கொடுக்கும் விலை பெரிது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பண்ணைகளிற் பெருகி மனிதரிடமும் வருகின்றன. 1969இல் இங்கிலாந்தின் சுவான் குழு இதைப்பற்றி எச்சரித்தது. 1986இல் சுவீடனும், 2006ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டுவதைத் தடைசெய்தன. மருந்து போன இடத்தில் வேறு துணை வேண்டியிருந்தது. நொதியம், நன்மை செய்யும் பற்றீரியா, கரிம அமிலம் ஆகியவற்றோடு குழம்பாக்கியும் அவ்விடத்துக்கு முன்வந்தது.

இதுவரை கூறியவற்றாற் குழம்பாக்கி ஒரு வெற்றிக் கதையாகத் தோன்றலாம். இதே வரலாற்றின் இருண்ட ஏடுகள் இரண்டையும் புரட்டாமல் தீர்ப்புக் கூறுதல் தகாது.

1957ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் புறொயிலர் குஞ்சுகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. இதயத்தைச் சூழ்ந்த பையிலும் வயிற்றிலும் நீர் கோத்து அவை இறந்தன. விசாரணை தீனியிற் சேர்த்த கொழுப்பிடம் சென்று நின்றது. தோல் பதனிடலிலும் கொழுப்பமிலத் தொழிலிலும் கழிவாக வந்த கொழுப்பில், குளோரீன் கலந்த நச்சுப்பொருள் ஒன்று இருந்தது. அது டயொக்சின் இனத்தைச் சேர்ந்தது என்பது 1960களில் அறியப்பட்டது. மலிவான கொழுப்பு என்று சேர்த்தது, மலிவாக இருந்ததன் காரணத்தையும் தன்னுள் மறைத்து வைத்திருந்தது.

நாற்பதாண்டு கழித்து, 1999இல், பெல்சியத்தில் அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. தீனிக்காக உருக்கிய கொழுப்பில் மின்மாற்றி எண்ணெய் கலந்துவிட்டது. முட்டைகள் பொரியாது போயின. பொரித்த குஞ்சுகளிலும் பழைய நீர்க்கோவை தோன்றிற்று. செய்தி மே மாத இறுதியில் வெளிவந்தபோது கடைகளிலிருந்து கோழியும் முட்டையும் அகற்றப்பட்டன. அமைச்சர் இருவர் பதவி விலகினர். யூன் மாதத் தேர்தலில் அரசே தோல்வியுற்றது. கெட்ட கொழுப்பு உறிஞ்சப்படாமற் கழிந்தால் நட்டம் தீனியோடு நிற்கும். நன்றாக உறிஞ்சப்பட்டால் நஞ்சும் கூடவே புகும். எனவே, குழம்பாக்கி கொழுப்பின் தரத்தை உயர்த்துவதில்லை. உள்ள தரத்தை உடலுக்குள் கொண்டு செல்வது மட்டுமே அதன் தொழில்.

இன்னொரு வகைப் பிழையும் நேரலாகாது. 2015இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மனித உணவில் வழங்கும் காபொட்சிமெதயில்செலுலோசு, பொலிசோபேற்று 80 என்னும் இரண்டு செயற்கைக் குழம்பாக்கிகளை எலிகளுக்கு ஊட்டியபோது, குடற் பற்றீரியாக்கள் நிலைமாறி மெல்லிய அழற்சி உண்டானதைக் காட்டிற்று. இதைக் கேட்டு இலெசிதினும் தீயதே என்று அஞ்சுவது முறையன்று. அவ்விரண்டும் இலெசிதினும் வெவ்வேறு பொருள்கள். இலெசிதின் நல்லதாதலால் எல்லாக் குழம்பாக்கிகளும் நல்லவையே என்று துணிவதும் அதே அளவு முறையன்று. ஒவ்வொரு பொருளையும் அததற்குரிய சோதனையாலேயே மதிக்க வேண்டும்.

இனி, புறொயிலர்களில் இதுவரை நடைபெற்ற சோதனைகள் தரும் முடிவைத் தொகுத்துக் கூறலாம். கொழுப்பின் சமிபாடு கூடுகிறது என்பதிற் பல சோதனைகள் ஒத்துப்போகின்றன. தீனிப் பயனிற் சிறிய முன்னேற்றம் அடிக்கடி காணப்படுகிறது. நிறை கூடுமா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. குஞ்சு இளமையாக இருக்கும்போதும், கொழுப்பு மாட்டுக் கொழுப்புப் போன்று கடினமானதாக இருக்கும்போதும் பயன் தெளிவாகத் தெரிகிறது. தீனியின் சக்தியைச் சற்றுக் குறைத்த இடத்தில், குழம்பாக்கி அக்குறையை ஈடுசெய்ததாகவும் சோதனைகள் உண்டு. நன்றாய்ச் சமிக்கும் தாவர எண்ணெய் ஊட்டப்பட்ட, வளர்ந்த கோழியிற் பயன் சுருங்கிவிடுகிறது. அங்கே நிரப்புவதற்கு இடைவெளி இல்லை.

இது வெறும் கணக்கன்று. புறொயிலர் வளர்ப்போனின் செலவில் மூன்றில் இரண்டு பங்களவு தீனிக்கே போகிறது. நம் நாட்டிலும் அந்நிலையை அண்மையிற் கண்டோம். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் சோளமும் சோயாவும் அரிதாகித் தீனி விலை ஏறியது. சிறு பண்ணையாளர் பலர் தொழிலைக் கைவிட்டனர். 2023இல் முட்டையையே இந்தியாவிலிருந்து வரவழைக்க நேர்ந்தது. இத்தகைய வேளையில், தீனியில் இட்ட எண்ணெய் எச்சத்தோடு கழியாமல் உடலிற் சேருவது, ஏழைப் பண்ணையாளனுக்குத் தொழில் நிற்பதா வீழ்வதா என்பதைத் தீர்மானிக்கும் விஷயமாகலாம். அதே வேளையிலேதான், மலிவான பழுதுற்ற கொழுப்பை வாங்கும் ஆசையும், விளம்பரப் புட்டியை நம்பி மிஞ்சிய பணத்தைச் செலவிடும் ஆசையும் மிகும்.

ஆகவே, குழம்பாக்கி வாங்குவோன் மூன்று வினாக்களைத் தன்னையே கேட்டுக்கொள்வது நன்று. என் குஞ்சின் வயது என்ன? நான் ஊட்டும் கொழுப்பு எத்தகையது? அக்கொழுப்பு எங்கிருந்து வந்தது? முதல் இரண்டுக்கும் ஏற்ற விடை கிடைத்தாற் குழம்பாக்கி பயன் தரும். மூன்றாவதற்கு விடை தெரியாவிடின், எந்தக் குழம்பாக்கியும் அவனைக் காவாது.

பேர்னாரும் தாஸ்தரும் ஆளுக்கொரு பாதியைக் கண்டதால் உண்மை முழுமையாயிற்று. புறொயிலர் வரலாற்றிலும் இரண்டு பாதிகள் உண்டு. குஞ்சை விரைந்து வளரச் செய்தது ஒரு பாதி. அதன் குடலுக்கு அவ்விரைவைத் தாங்கும் துணை செய்வது மறு பாதி. முதற் பாதியில் மனிதன் பெற்ற வெற்றி பெரிது. அவ்வெற்றியின் சுமையை இளங்குஞ்சின் சின்னஞ்சிறு ஈரலின்மீது மட்டும் ஏற்றிவிடாமல், நல்ல கொழுப்பைத் தேர்ந்து, தேவையான பருவத்தில், தேவையான அளவு துணை கொடுப்பது அவன் கடனாகும்.